வயதானவர்களிடம் மனதைக் கலக்கும் பேச்சைக் காலையில் பேசுங்கள்

நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது வீட்டில் 78 வயது மாமனாரைக் கவனித்துக்கொள்கிறேன். பெரியவர்கள் இருக்கும் வீடுகளில் நான் முதலில் சொல்வது: பாகப்பிரிவினை, கடன், ஆஸ்பத்திரிச் செலவு எதுவானாலும் பொழுது சாய்ந்தபின் எடுக்காதீர்கள்.

காரணம் கார்ட்டிசால். சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பி விடுகிற ஹார்மோன் அது. விடியலில் ஏறி, கண் விழித்த அரை, முக்கால் மணி நேரத்தில் உச்சம் தொட்டு, பகல் முழுக்க இறங்கி, நடுராத்திரி வாக்கில் அடிமட்டத்துக்கு வரும். வயது கூடக்கூட அந்த அடிமட்டம் பலருக்கு உயர்ந்துவிடுகிறது. ஏற்ற இறக்கமும் சற்று முன்கூட்டியே நடக்கிறது. ‘போதும்’ என்று கார்ட்டிசால் சொன்னாலும், அட்ரினலை ஏவுகிற மூளைப் பகுதிகளான ஹைப்போதலாமஸும் பிட்யூட்டரியும் முன்போல் சட்டென்று அடங்குவதில்லை. அதனால் ஒரு சண்டையின் படபடப்பு தணிய நேரமாகும்; ராத்திரியில் என்றால் தூக்கமும் போய்விடும். இது நோயல்ல, எல்லோருக்கும் ஒரே அளவிலும் இருக்காது.

மாமனார் ராத்திரி எட்டு மணிக்கு பிபி பார்ப்பார். 150 என்று காட்டினால் பட்டையை இறுக்கிக் கட்டி மறுபடி பார்ப்பார், இன்னும் ஏறியிருக்கும். பிறகு எங்கே தூக்கம்? டாக்டரைக் கேட்டு அதைக் காலைக்கு மாற்றினேன். அவர் பதறுவது நின்றது, அதுவே எனக்குப் பெரிய நிம்மதி.

காலை வெயிலில் கொஞ்சம் நடக்கவிடுங்கள். காபி மதியத்தோடு சரி. பகல் தூக்கம் அரை மணி போதும். டிவி விவாதங்களை இரவில் அணைத்துவிடுங்கள்.

டிஎச்இஏ என்ற இன்னொரு அட்ரினல் ஹார்மோன் இருபதுகளில் உச்சத்திலிருந்து, முதுமையில் வெகுவாகக் குறையும். அதை ஈடுகட்டுவதாக விற்கும் மாத்திரைகளை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.

கார்ட்டிசால் போலவே வேலை செய்யும் ஸ்டீராய்டு மருந்து விஷயத்தில் மட்டும் நான் கறாராக இருப்பேன். பிரெட்னிசோலோன் போன்றதை வாரக்கணக்கில் சாப்பிட்டவர் திடீரென நிறுத்தவே கூடாது. மாத்திரை இருந்த தைரியத்தில் அட்ரினல் தன் வேலையைக் குறைத்திருக்கும். வாந்தி, மயக்கம், பிபி சரிவு என்று உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

எல்லாவற்றையும் வயசு என்று ஒதுக்கவும் வேண்டாம். முகம் உப்பி, லேசாகப் பட்டாலே தோல் கன்றி, தொடை வலுவிழந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். காரணமின்றி எடை குறைந்து, தோல் கறுத்து, எழுந்து நின்றால் தலை சுற்றினாலும் அப்படியே. கார்ட்டிசால் ரத்தப் பரிசோதனை எழுதினால் பெரும்பாலும் காலை எட்டு மணி வாக்கில் எடுப்பார்கள்; எத்தனை மணிக்கு எடுத்தார்கள் என்று ரிப்போர்ட்டில் குறிக்கச் சொல்லுங்கள்.