வெளுத்த வானத்தை மாற்றலாம், வாங்க!

பயணத்தில் எடுத்த படம். மலையும் கட்டடமும் அருமையாக விழுந்திருக்கும், வானம் மட்டும் வெள்ளையடித்த சுவர் மாதிரி. இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் மென்பொருளிலேயே இதைச் சரிசெய்யலாம். (ஃபோட்டோஷாப்பில் 2020 அக்டோபர் பதிப்பிலிருந்து இதற்கென்றே ‘ஸ்கை ரீபிளேஸ்மென்ட்’ வசதி உண்டு. ஆனால் கையால் ஒருமுறை செய்து பார்த்தால்தான் சூட்சுமம் பிடிபடும்.)

முதலில் வானத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பலரும் சறுக்குவது இங்கேதான். மப்பான நாளில் எடுத்த படத்தில் நிழலே அழுத்தமாக விழுந்திருக்காது. அதன்மேல் செக்கச்சிவந்த அந்தி வானத்தை வைத்தால் ஒட்டுப்போட்டது பளிச்சென்று தெரியும். மெல்லிய மேகங்களும் கொஞ்சம் நீலமும் கலந்த வானம் போதும். நிழல் தெரிகிற படமென்றால், புது வானத்திலும் வெளிச்சம் அதே பக்கத்திலிருந்து வர வேண்டும்.

சரி, வேலைக்கு வருவோம்.

1. உங்கள் படத்தைத் திறந்து, ஃபைல் மெனுவில் ‘ஓப்பன் ஆஸ் லேயர்ஸ்’ வழியாக வானப் படத்தைக் கொண்டுவாருங்கள். லேயர் என்றால் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கும் பட அடுக்கு. வானத்தின் லேயரை உங்கள் படத்தின் லேயருக்குக் கீழே இழுத்து விடுங்கள்.

2. சேனல்ஸ் பகுதியில் (படத்தின் சிவப்பு, பச்சை, நீல நிறங்கள் தனித்தனியாக இருக்கும் இடம்) நீலச் சேனலை ரைட் கிளிக் செய்து ‘சேனல் டு செலக்‌ஷன்’ கொடுங்கள். நீலச் சேனலில் வானம் வெளுப்பாகவும் இலைகள் கறுப்பாகவும் இருக்கும். அதனால் மரக்கிளைகளைச் சுற்றி ஒவ்வொன்றாக வெட்ட வேண்டிய தலைவலி இல்லை. முடிந்ததும் மூன்று சேனல்களும் தேர்வில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

3. உங்கள் படத்தின் லேயரில் ‘ஆட் லேயர் மாஸ்க்’ போய், ‘செலக்‌ஷன்’, ‘இன்வர்ட் மாஸ்க்’ இரண்டையும் தேர்ந்தெடுங்கள். மாஸ்க் என்பது லேயருக்குப் போடும் மறைப்பு: அதில் கறுப்பான இடம் மறையும், வெள்ளையான இடம் தெரியும். இப்போது புது வானம் மங்கலாக எட்டிப்பார்க்கும். அப்புறம் செலக்‌ஷனை நீக்கிவிடுங்கள்.

4. மாஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, கறுப்பு வெள்ளை அளவை மாற்றும் ‘லெவல்ஸ்’ திறந்து, இரு ஓர முக்கோணங்களையும் உள்ளே நகர்த்துங்கள். வானம் முழுக் கறுப்பாகவும் தரை முழு வெள்ளையாகவும் மாற வேண்டும். ரொம்ப நெருக்கினால் விளிம்பு கத்தரித்தது போலாகிவிடும்.

5. வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சுவரில் எல்லாம் மேகம் தெரிகிறதா? மாஸ்க்கின் மீது வெள்ளை பிரஷ்ஷால் பூசிவிடுங்கள்.

இனி வானத்தை மேலும் கீழும் நகர்த்திப் பொருத்துங்கள். தொடுவானத்தை ஒட்டிய பகுதி வெளிறியிருப்பதுதான் இயல்பு. நிறம் ஒட்டவில்லையென்றால், மாஸ்க்கை விட்டுப் படத்தையே தேர்ந்தெடுத்து ‘கலர் டெம்பரேச்சர்’ லேசாக மாற்றலாம். ஏரியோ குளமோ இருந்தால் அதிலும் புது வானத்தின் பிரதிபலிப்பு வேண்டும். ஆரம்பத்தில் அப்படிப்பட்ட படங்களைத் தொடாமலிருப்பதே உத்தமம்.

பிறகு திருத்துவதற்கு கிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் கோப்பாகச் சேமித்துவிட்டு, பகிர்வதற்கு ஜேபெக்காக எக்ஸ்போர்ட் செய்துகொள்ளுங்கள்.