உலோக-கரிமச் சட்டகத்தில் குவாண்டம் ஸ்பின் திரவம்: சோதித்து அறியும் முறை

சாதாரணக் காந்தப்பொருளைக் குளிர்வித்தால் ஸ்பின்கள் (எலக்ட்ரான்களின் நுண்காந்தங்கள்) ஒரு கட்டத்தில் வரிசையாக உறைந்துவிடும். குவாண்டம் ஸ்பின் திரவத்தில் தனிச்சுழி வெப்பநிலையை (0 கெல்வின்) நெருங்கினாலும் அவை உறையாமல், ஒன்றோடொன்று பின்னியபடி அலைபாய்ந்துகொண்டே இருக்கும். இதை நிரூபிக்க ஒற்றைச் சோதனை கிடையாது. மற்ற விளக்கங்களை ஒவ்வொன்றாகத் தள்ளுபடி செய்வதுதான் வழி.

முதலில் எடை. உலோக அயனிகளைக் கரிம மூலக்கூறுகள் இணைக்கும் இந்தச் சட்டகங்களின் நுண்துளைகளில் கரைப்பானோ நீரோ தங்கியிருக்கும். எடையில் 20 சதவீதம் கரைப்பான் இருந்து அதைக் கணக்கில் சேர்க்காவிட்டால், தாமிரத்தின் கியூரி மாறிலி (ஸ்பின்கள் எத்தனை என்பதைக் காட்டும் அளவு) 0.375க்குப் பதில் 0.30 என்று வரும். 'ஸ்பின்கள் ஜோடி சேர்ந்துவிட்டன' என்று ஏமாறுவது இங்கேதான். அளக்கும் அதே தொகுதியில் வெப்ப எடையறி பகுப்பாய்வை (சூடாக்கி எடை இழப்பை அளப்பது) செய்துவிடுங்கள். துளைகளை வெறுமையாக்கிய மாதிரியைக் காற்றில் திறக்காமல் ஹீலியத்தில் அடைத்து மூடுங்கள். துளைக்குள் ஆக்சிஜன் புகுந்தால் 50 கெல்வின் அருகே போலிக் குமிழ் ஒன்று தோன்றும்.

அடுத்து காந்த ஏற்புத்திறன், அதாவது புலம் செலுத்தினால் பொருள் எவ்வளவு காந்தமாகிறது என்பது. டயாகாந்தத் திருத்தம் (எல்லா அணுக்களும் காட்டும் சிறு எதிர்க்காந்தத்தைக் கழிப்பது) செய்து, உயர் வெப்பநிலைப் பகுதியில் மட்டும் கியூரி-வைஸ் நேர்கோட்டைப் பொருத்துங்கள். வைஸ் மாறிலி (ஸ்பின்கள் ஒன்றையொன்று பாதிக்கும் வலிமை; எதிர்க்குறி என்றால் அவை எதிரெதிராக நிற்க முயல்கின்றன) எதிர்க்குறியுடன் பெரிதாக இருந்தும் அதற்கு வெகு கீழே வரை வரிசை தோன்றாவிட்டால்தான் மேலே செல்லலாம். 2 கெல்வினில் நிறுத்தக்கூடாது: ககோமே வலை (முனைகளில் இணைந்த முக்கோணங்கள்) கொண்ட தாமிர 1,3-பென்சீன்டைகார்பாக்சிலேட் 1.8 கெல்வினுக்குச் சற்றுக் கீழேதான் வரிசையாகிறது.

அதிகம் காலை வாருவது கட்டற்ற ஸ்பின்கள், அதாவது மற்றவற்றோடு பிணையாமல் தனித்து நிற்பவை. வைஸ் மாறிலி −100 கெல்வின் என்று வையுங்கள். 2 கெல்வினில் மோலுக்கு ஏறத்தாழ 0.0037 ஈ.எம்.யு. (காந்த ஏற்புத்திறனின் அலகு) எதிர்பார்க்கலாம். ஒரே ஒரு சதவீதக் கட்டற்ற ஸ்பின் அதன்மேல் 0.0019 ஏற்றிவிடும், ஐந்து சதவீதம் இருந்தால் உண்மையான சமிக்ஞையே மூழ்கிப்போகும். எனவே காந்தமாக்கல்-புல வளைவிலிருந்து அந்தப் பங்கை மதிப்பிட்டுக் கழியுங்கள். 2020இல் ஸ்பின் திரவமாக முன்வைக்கப்பட்ட தாமிர-ஹெக்சாஹைட்ராக்சிட்ரைஃபினைலின் சட்டகத்தில் இன்னொரு சிக்கல்: ஆக்சிஜனேற்றமடைந்த ஈந்தணைவியே (உலோகத்தைப் பிணைக்கும் கரிம மூலக்கூறு) இணையற்ற எலக்ட்ரானைச் சுமக்கக்கூடும். தாமிரத்தை மட்டும் எண்ணினால் கணக்கு உதைக்கும்.

ஸ்பின் கண்ணாடியை (ஸ்பின்கள் ஒழுங்கின்றி உறைந்த நிலை) விலக்க, மாறுதிசைக் காந்தப்புல ஏற்புத்திறனைப் பல அதிர்வெண்களில் அளவிடுங்கள். முகடு அதிர்வெண்ணோடு நகர்ந்தால் அது கண்ணாடி, திரவம் அல்ல. புலத்தோடும் புலமின்றியும் குளிர்வித்த வளைவுகள் பிரிகின்றனவா என்பதையும் பாருங்கள்.

வெப்ப ஏற்புத்திறனில், ஸ்பின்னுக்கு முழு என்ட்ரோபி (ஒழுங்கின்மையின் அளவு) மோலுக்கும் கெல்வினுக்கும் 5.76 ஜூல். படிகப் பின்னல் அதிர்வின் பங்கைக் கழிக்க, அதே கட்டமைப்புள்ள, காந்தமற்ற துத்தநாகச் சேர்மம் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் எஞ்சும் என்ட்ரோபியை நம்பிப் பெரிதாக எதுவும் சொல்லாதீர்கள். பொடியில் வெப்பத் தொடர்பு மோசம் என்பதால் அழுத்தி வில்லையாக்கி, வெற்றிடக் கிரீஸ் சிறிதளவு தடவுங்கள். கிரீஸைத் தனியாக அளந்து கழிக்க மறந்தால் தாழ்வெப்பத்தில் எல்லாம் தப்பாகும். மின்கடத்தாப் பொருளில் வெப்பநிலைக்கு நேர்விகித உறுப்பு தெரிந்தாலும் ஸ்பின் திரவம் என்று துள்ளிக்குதிக்க வேண்டாம். ஸ்பின் கண்ணாடியும் அதையே காட்டும்.

கடைசியாக மியூவான் சோதனை: மியூவான் என்ற துகளைப் பொருளுக்குள் செலுத்தி அங்குள்ள காந்தப்புலத்தை அறிவது. புலமற்ற நிலையில் அலைவு (ஸ்பின்கள் வரிசையானதன் அடையாளம்) எதுவும் தெரியக்கூடாது. ஆனால் ஈந்தணைவியின் புரோட்டான்கள் சில காஸ் அளவில் நிலையான புலத்தை உண்டாக்கும். மியூவானின் ஸ்பின் திசையிலேயே சுமார் 50 காஸ் புலம் செலுத்தி அவற்றை அடக்குங்கள். தாழ்வெப்பத்தில் சில நூறு காஸிலும் மியூவான் ஸ்பினின் தளர்வு தொடர்ந்தால்தான் பொருளின் ஸ்பின்கள் இன்னும் அசைகின்றன எனலாம்.