ஃப்ளூ வைரஸ் எவ்வளவு மாறியிருக்கிறது என்று கண்டறிவது எப்படி?

முதலில் பெயரைப் படியுங்கள். ஏ/டார்வின்/9/2021 (எச்3என்2) என்றால் ஏ வகை, டார்வினில் எடுத்த மாதிரி, வரிசை எண் 9, ஆண்டு 2021, துணைவகை எச்3என்2. விலங்கிலிருந்து எடுத்ததாக இருந்தால் வகைக்கு அடுத்து அதன் பெயரும் வரும்.

பிறகு எச்ஏ புரதத்தை (வைரஸ் நம் செல்லில் ஒட்ட உதவும் மேற்பரப்புப் புரதம்) தடுப்பூசி வைரஸின் புரதத்தோடு ஒப்பிடுங்கள். எத்தனை மாற்றம் என்பதைவிட எங்கே மாற்றம் என்பதுதான் முக்கியம். எச்3என்2-வில் 145, 155, 156, 158, 159, 189, 193 ஆகிய இடங்கள் (புரதத்தை ஆக்கும் அமினோ அமிலங்களின் வரிசை எண்கள்), வைரஸ் நம் செல்லைப் பற்றிக்கொள்ளும் குழியை ஒட்டியவை. இவற்றில் ஒன்று மாறினாலே, வைரஸைப் பிடிக்க நம் உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளின் பிடி நழுவக்கூடும்.

புரதத்தில் ஒட்டும் சர்க்கரைச் சங்கிலிகளை மறக்கவே கூடாது. 2014-இல் பரவிய 3சி.2ஏ என்ற எச்3என்2 கிளையில் 160-ஆம் இடத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் போய் த்ரியோனின் வந்தது. உடனே 158-இல் இருக்கும் அஸ்பராஜின் என்ற அமினோ அமிலத்தில் சர்க்கரை ஒட்டி, அந்தப் பகுதியை எதிர்ப்பொருளிடமிருந்து மறைத்தது. கோழிமுட்டையில் வளர்க்கும்போது இந்த மாற்றம் தொலைந்துபோகும். எனவே நோயாளியின் மாதிரியிலிருந்தே நேரடியாக மரபணு வரிசை எடுங்கள். முட்டையில் வளர்த்ததை நம்பினால் முடிவு தவறும்.

வரிசையோடு நிறுத்தாமல், பழைய வைரஸ் தொற்றிய ஃபெரெட் என்ற விலங்கின் சீரம் (எதிர்ப்பொருள் உள்ள இரத்த நீர்) கொண்டு சிவப்பணுத் திரட்சித் தடுப்புச் சோதனையும் செய்யுங்கள். வைரஸ் சிவப்பணுக்களை ஒன்றாகத் திரட்டும்; எதிர்ப்பொருள் அதைத் தடுக்கும். சீரத்தை எத்தனை மடங்கு நீர்த்தாலும் தடுக்கிறது என்பதே அளவு. பழைய வைரஸுக்கு 1280, புதியதற்கு 640 என்றால் அது சோதனையின் இயல்பான ஏற்ற இறக்கம்தான். 160 வந்தால் எட்டு மடங்குச் சரிவு. வைரஸ் உண்மையிலேயே விலகிவிட்டது. எச்3என்2 சில சமயம் சிவப்பணுக்களைச் சரியாகத் திரட்டாது. வைரஸின் இன்னொரு மேற்பரப்புப் புரதமான என்ஏ-வும் சிவப்பணுவில் ஒட்டிக் குழப்பும். அதைத் தடுக்க ஓசெல்டாமிவிர் என்ற ஃப்ளூ மருந்தைச் சேர்க்க வேண்டும். அப்படியும் தெளிவில்லையென்றால் நடுநிலையாக்கல் சோதனைக்கு (செல்லில் வைரஸ் தொற்றுவதை எதிர்ப்பொருள் தடுக்கிறதா என்று பார்ப்பது) மாறுங்கள்.