பயம் எந்த வழியில் வந்தது என்று கண்டுபிடிப்பது எப்படி

அக்கா மகள் பிறந்தது 2012ல். சுனாமியை அவள் பார்த்ததே இல்லை. ஆனாலும் கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்குப் போனால் மணலில் பாதி தூரத்திலேயே நின்றுவிடுவாள், கால் நகராது. பிறவிக் குணம் என்றே நினைத்தோம். ஒருநாள் பின்னால் நடந்து வந்தபோதுதான் கவனித்தேன், அலை இரையும்போதெல்லாம் அக்கா அவள் கையை இறுக்கிப் பிடிக்கிறாள், பிள்ளையின் விரல் நுனி வெளுத்துப்போகும் அளவுக்கு. 2004 டிசம்பர் 26 காலையில் அந்தக் கரையிலிருந்து ஓடிவந்தவள் அக்கா. ஒரு வார்த்தை சொல்லாமலே கை வழியாகப் பயத்தைக் கொடுத்துவிட்டாள்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பயம் இருந்தால் முதலில் ஒரு நோட்டை எடுத்து, அது எந்த வழியில் வந்தது என்று எழுதுங்கள். கற்றல் கோட்பாடுகளின்படி பயமும் நாம் கற்றுக்கொள்வதுதான். ராக்மன் என்ற உளவியலாளர் 1977ல் மூன்று வழிகளைச் சொன்னார்: நேரில் பட்டது, அடுத்தவர் பயப்படுவதைப் பார்த்தது, சொல்லக் கேட்டது.

நேரில் படுவதற்குப் பழைய உதாரணம் 1920ல் வாட்சன், ரேய்னர் என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்த சோதனை. ஆல்பர்ட் என்று அவர்கள் குறிப்பிட்ட 11 மாதக் குழந்தை வெள்ளை எலியைத் தொடப் போகும்போதெல்லாம் பின்னால் இரும்புக் கம்பியில் சுத்தியலால் ஓங்கி அடித்தார்கள். சில தடவைக்கு அப்புறம் சத்தமே இல்லாமல் எலியைப் பார்த்ததும் குழந்தை அழுதது, முயலையும் ரோமக் கோட்டையும் பார்த்துக்கூட மிரண்டது. அந்தப் பயத்தைப் போக்காமலே குழந்தையை அனுப்பிவிட்டார்கள், அதை என்னால் ஏற்கவே முடியவில்லை. தெருநாயிடம் கடிபட்டவர் கட்டிப்போட்ட பொமரேனியனுக்கும் ஒதுங்கிப் போவது இதே கணக்குதான். அக்காவின் வழி இது. மகளுடையது இரண்டாவது.

அடுத்து, எதையெல்லாம் தவிர்க்கிறீர்கள் என்று எழுதுங்கள். என்னைக் கேட்டால் இதுதான் முக்கியம். மௌரர் என்ற உளவியலாளர் 1947லேயே சொன்னார், பயம் வருவது ஒரு வழி, அது தங்கிவிடுவது வேறு வழி என்று. பாதி மணலில் திரும்பி நடக்கும்போது 'அப்பாடா' என்று ஒரு நிம்மதி வருகிறதே, அதுதான் கூலி. கூலி கிடைக்கிற வேலையை மனசு திரும்பத் திரும்பச் செய்யும், கடல் தன்னை ஒன்றும் செய்யாது என்று தெரிந்துகொள்ள அதற்கு வாய்ப்பே வராது.

அதனால் படிப்படியாகக் கிட்டப் போக வேண்டும். நாங்கள் போட்ட படிகள் இவை: அலை வீடியோ, அப்புறம் புதுச்சேரி பீச் ரோடு (அங்கே நடுவில் கருங்கல் பாறைகள் இருப்பதால் அலை தெரியும், கேட்கும், காலைத் தொடாது), அப்புறம் சில்வர் பீச்சின் காய்ந்த மணல், கடைசியாக ஈரமணல். ஒவ்வொரு இடத்திலும் பயத்துக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று கேளுங்கள். எட்டில் இருக்கும்போது கிளம்பினால் மறுபடி கூலி கொடுத்ததாகிவிடும். மூன்றுக்கு இறங்கும்வரை உட்கார வேண்டும். பீச் ரோட்டிலேயே எங்களுக்கு மூன்று சாயங்காலம் போனது. கையில் சுண்டல் இருந்தது நல்லதாயிற்று. 1924ல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலுக்குப் பயந்த பீட்டர் என்ற சிறுவனுக்குப் பிடித்ததைச் சாப்பிடக் கொடுத்துக்கொண்டே முயலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவந்துதான் பயத்தைக் குறைத்தார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீரில் இறக்கிவிடுகிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

மூச்சு முட்டுகிறது, தூக்கம் போகிறது என்றால் தனியாக முயலாமல் மனநல ஆலோசகரிடம் போங்கள். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவிச் சேவையில் இலவசமாகப் பேசுகிறார்கள், தமிழிலும்.

பிள்ளைக்குப் பயம் வந்த வழியையும் அடைக்க வேண்டும் இல்லையா? போன மாதம் ஈரமணலுக்குப் போனபோது எல்லோருடைய செருப்பையும் அக்கா கையில் கொடுத்துவிட்டேன், இரண்டு கையும் நிறைய. மகள் அவளுக்கு இரண்டடி முன்னால் போய் நின்றாள்.