பாங்காக்கில் முதல்முறையா? எப்போது ரயில், எப்போது படகு, எப்போது டாக்ஸி: படிப்படியாக

பெட்டியும் பையுமாக புது ஊரில் நிற்கும்போது, முன்னால் வந்து நிற்கிற டாக்ஸியில் ஏறிவிடத்தான் எல்லோருக்கும் தோன்றும். பாங்காக்கில் ஊர் சுற்றவும் அதையே நம்பினால் பாதி நாள் சிக்னலில் போய்விடும். என் முதல் பயணத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, சைனாடவுனிலிருந்து அசோக் சந்திப்புக்கு டாக்ஸி பிடித்தேன். நடுவழியில் மழை பிடித்துக்கொண்டது. போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆனது. மறுநாள் அதே தூரத்தை மெட்ரோவில் போனேன். வாட் மங்கோன் ஸ்டேஷனில் ஏறி ஏழாவது ஸ்டேஷனில் இறங்கினேன், இருபது நிமிடம்கூட ஆகவில்லை.

அன்றிலிருந்து நான் கடைப்பிடிப்பது இதுதான். நீண்ட தூரத்தை ரயிலிலோ படகிலோ கடந்துவிட வேண்டும். ஸ்டேஷனுக்கும் போகிற இடத்துக்கும் இடையில் மிச்சமிருக்கும் கொஞ்ச தூரத்துக்கு மட்டும் சாலை வண்டி.

படி 1: அறை எடுக்கும்போதே ஸ்டேஷனைப் பாருங்கள்

போக்குவரத்துத் திட்டம் ஹோட்டல் பதிவு செய்யும்போதே தொடங்கிவிடுகிறது. வாடகை கொஞ்சம் கூடினாலும் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் எடுங்கள். இரண்டு ரயில் தடங்கள் சந்திக்கும் அசோக், சீலோம் போன்ற இடங்கள் கிடைத்தால் இன்னும் நல்லது.

முகவரியில் 'சோய்' என்ற சொல் வரும். பெரிய சாலையிலிருந்து பிரியும் கிளைத்தெரு அது. சுகும்வித் சாலையில் ஒற்றைப்படை சோய்கள் ஒரு பக்கம், இரட்டைப்படை சோய்கள் எதிர்ப்பக்கம். இரண்டு பக்க எண்களும் ஒன்றுக்கொன்று நேராக இருக்காது. தோங் லோ ஸ்டேஷனில் இறங்கினால் ஒரு பக்கம் சோய் 55, எதிரே சோய் 38! 54 எதிரில்தான் இருக்கும் என்று நினைத்து வெயிலில் நடந்துவிடாதீர்கள். சில சோய்கள் இரண்டு கிலோமீட்டர்கூடப் போகும். அதனால் எந்த சோய் என்பதோடு, அதற்குள் எவ்வளவு தூரம் என்பதையும் வரைபடத்தில் பார்த்துவிடுங்கள்.

படி 2: விமான நிலையத்திலிருந்து ஊருக்குள்

பாங்காக்கின் இரண்டு விமான நிலையங்களில் ஒன்றான சுவர்ணபூமியில் இறங்கினால் கீழ்த்தளத்திலிருந்தே விமான நிலைய ரயில் கிளம்புகிறது. 2010இல் தொடங்கிய தடம் இது. கடைசி நிறுத்தமான பாயா தாய்க்கு அரை மணி நேரம், 45 பாட் (தாய்லாந்து நாணயம்). அங்கே தலைக்கு மேல் ஓடும் பிடிஎஸ் ஸ்கைட்ரெயினுக்கு மாறலாம். மெட்ரோ வேண்டுமென்றால் மக்கசானில் இறங்கி, நடைபாலம் வழியாகப் பெட்ச்சபுரி ஸ்டேஷனுக்குப் போங்கள். நள்ளிரவுக்குப் பிறகு இந்த ரயில் இல்லை.

இன்னொரு விமான நிலையமான டான் முவாங்கில் இறங்குபவர்களுக்குச் சிவப்புத் தட ரயில். குருங் தெப் அபிவத் என்ற பெரிய முனையத்தில் இறங்கி நீலத் தட மெட்ரோவுக்கு மாற வேண்டும்.

குடும்பமாக, நான்கு பெட்டிகளோடு வந்தால் டாக்ஸிதான் சரி, அதில் தயங்க வேண்டாம். சுவர்ணபூமியில் தரைத்தளத்தில் இருக்கும் இயந்திரத்தில் சீட்டு எடுத்தால், எந்த எண் இடத்தில் உங்கள் வண்டி நிற்கிறது என்று அதில் இருக்கும். அந்தச் சீட்டைப் பயணம் முடியும்வரை கையில் வைத்திருங்கள். மீட்டர் தொகைக்கு மேல் விமான நிலையக் கட்டணம் தனி, விரைவுச் சாலையில் போனால் சுங்கமும் நாம்தான் தர வேண்டும். இவை இரண்டும் முறையான கட்டணங்கள்தான், ஏமாற்று அல்ல.

படி 3: ரயிலுக்குப் பழகுங்கள்

புதிதாக வருபவர்கள் தடுமாறுவது இங்கேதான். தலைக்கு மேல் ஓடுவது பிடிஎஸ் ஸ்கைட்ரெயின், 1999 டிசம்பரில் தொடங்கியது. அதன் இரண்டு பச்சைத் தடங்களும் சயாம் ஸ்டேஷனில் சந்திக்கின்றன. பெரும்பாலும் பூமிக்கடியில் ஓடுகிற நீலத் தடம் எம்ஆர்டி மெட்ரோ, 2004இல் வந்தது. இரண்டையும் நடத்துவது வெவ்வேறு நிறுவனங்கள். ஒரே சந்திப்பில் இரண்டுக்கும் வெவ்வேறு பெயர்கூட இருக்கும். ஸ்கைட்ரெயினில் 'அசோக்' என்கிற இடம் மெட்ரோவில் 'சுகும்வித்'. ஸ்கைட்ரெயினின் 'மோ சித்' மெட்ரோவில் 'சதுசக் பார்க்'. ஒன்றிலிருந்து வெளியே வந்து, மற்றொன்றில் புதிதாக டிக்கெட் எடுத்துத்தான் உள்ளே போக வேண்டும்.

ஸ்கைட்ரெயினுக்கு ராபிட் கார்டு வாங்கிக்கொள்ளலாம். கவுண்டரில் பாஸ்போர்ட்டைக் காட்டிப் பணம் ஏற்றினால் போதும். அந்த அட்டை நீலத் தட மெட்ரோவில் செல்லாது. அங்கே விசா அல்லது மாஸ்டர்கார்டு வங்கி அட்டையைக் கதவில் தட்டியே போகலாம், ஊரிலிருந்து கிளம்பும் முன் வெளிநாட்டுப் பயன்பாட்டை இயக்கி வைத்திருந்தால் சரி. இல்லையென்றால் இயந்திரத்தில் பணம் போட்டால் கறுப்பு நிறத்தில் வட்டமாக ஒரு பிளாஸ்டிக் டோக்கன் விழும். உள்ளே போகத் தொட்டுக் காட்டுங்கள், வெளியே வரும்போது துளையில் போடுங்கள். நடுவில் தொலைத்துவிட்டால் அபராதம், பர்ஸிலேயே வைத்திருங்கள்.

காலை 7 முதல் 9 வரையும் மாலை 5 முதல் 7 வரையும் பெட்டிகள் நிரம்பி வழியும். நடைமேடையில் அம்புக்குறி போட்டிருக்கும் இடத்தில் வரிசையில் நின்று, இறங்குபவர்களுக்கு வழிவிட்டு ஏறுங்கள். சரியாகக் காலை 8 மணிக்கும் மாலை 6 மணிக்கும் தேசிய கீதம் ஒலிக்கும்போது, ஓடிக்கொண்டிருந்தவர்கள்கூட அப்படியே நிற்பார்கள். நாமும் நிற்பதுதான் மரியாதை.

படி 4: ஆறும் கால்வாயும்

பாங்காக்கில் எனக்கு மிகவும் பிடித்த பயணம் படகுப் பயணம்தான். சபான் தக்சின் ஸ்டேஷனிலிருந்து படியிறங்கினால் சாத்தோன் படகுத்துறை. அங்கிருந்து சாவோ பிரயா ஆற்றில் படகுகள் கிளம்பும். கொடியின் நிறத்தைப் பார்த்து ஏறுங்கள். ஆரஞ்சுக் கொடி ஊர் மக்கள் போகும் படகு, எங்கே இறங்கினாலும் 16 பாட். நீலக்கொடி சுற்றுலாப் படகு, கட்டணம் கூடுதல். துறையில் கூவிக்கூவி டிக்கெட் விற்பவர்கள் பெரும்பாலும் நீலக்கொடிக்குத்தான் அழைப்பார்கள். கொடியைக் கேட்டுவிட்டுக் காசு கொடுங்கள்.

சேன் சேப் கால்வாய்ப் படகு வேறு மாதிரி. சுற்றுலாவுக்கானது அல்ல, அலுவலகம் போகிறவர்களின் படகு. துறையில் சில நொடிகள்தான் நிற்கும், கயிற்றைப் பிடித்துச் சட்டென்று ஏற வேண்டும். எதிரே இன்னொரு படகு வந்தால், ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர் ஒரு கயிற்றை இழுப்பார். பக்கவாட்டு பிளாஸ்டிக் திரை மேலே ஏறி, தெறிக்கும் தண்ணீரைத் தடுக்கும். அந்த இடத்தில் நீங்கள் உட்கார்ந்தால் இழுக்கும் வேலை உங்களுடையது. தலையில் ஹெல்மெட்டோடு நடத்துநர் படகின் வெளி விளிம்பில் நடந்துவந்து காசு வாங்குவார். பாலங்கள் அவ்வளவு தாழ்வு. சின்னக் குழந்தைகளோடும் பெரிய பைகளோடும் இதில் ஏற வேண்டாம்.

படி 5: சாலை வண்டிகள்

டாக்ஸியின் முன் கண்ணாடியில் சிவப்பு விளக்கு எரிந்தால் வண்டி காலி. ஏறும் முன்பே "மீட்டர்?" என்று கேளுங்கள், தலையாட்டினால் ஏறுங்கள். 35 பாட்டில் தொடங்கும். மொத்தமாக ஒரு தொகை சொன்னால் அடுத்த வண்டியைப் பாருங்கள். கிராப், போல்ட் செயலிகளில் தொகை முன்பே தெரிந்துவிடும்.

சோய் முனையில் ஆரஞ்சு அங்கி போட்டவர்கள் மோட்டார்சைக்கிளோடு நிற்பார்கள். உள்ளே போகும் அந்த ஒரு கிலோமீட்டருக்கு இவர்களை மிஞ்ச ஆளில்லை. பெரிய சாலைகளில் நீண்ட தூரம் இதில் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஹெல்மெட் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.

டுக் டுக் ஒருமுறை ஆசைக்கு ஏறலாம். மீட்டர் கிடையாது, தொகையைப் பேசி முடித்துவிட்டு ஏற வேண்டும். அரண்மனைக்கு அருகே ஒருவர் வந்து, "இன்று அரண்மனை மூடியிருக்கிறது, குறைந்த காசில் வேறு கோயில்களைச் சுற்றிக் காட்டுகிறேன்" என்றால் நம்பாதீர்கள். அந்தச் சுற்று நகைக்கடையிலோ தையல்கடையிலோதான் போய் நிற்கும். வாசல்வரை போய் நீங்களே பாருங்கள்.

பஸ்ஸை முதல் இரண்டு நாட்களுக்கு விட்டுவிடுங்கள். தடம் கண்டுபிடிப்பது புதியவர்களுக்குச் சிரமம்.

படி 6: ஒரு நாள் ஒத்திகை

அசோக்கில் தங்கியிருப்பதாக வைத்துக்கொள்வோம். காலையில் கூட்டம் குறைந்ததும் சுகும்வித் மெட்ரோ ஸ்டேஷனில் ஏறி, மாறாமல் நேரே சனாம் சாய். மேலே ஏறி வந்தால் வாட் போ கோயில் சில நிமிட நடை ('வாட்' என்றால் கோயில்). பார்த்து முடித்து தா தியென் துறையில் அக்கரைப் படகில் ஏறினால் வாட் அருண். மாலை நெரிசலுக்கு முன்பே ஆரஞ்சுக் கொடிப் படகில் தெற்கே சாத்தோன் வந்துவிடுங்கள். மேலே சபான் தக்சினில் ஸ்கைட்ரெயின், அடுத்த ஸ்டேஷன் சுரசாக். இறங்கி பான் சாலை வழியாகப் பத்து நிமிடம்போல் நடந்தால், சீலோம் சாலை முனையில் ஒரு கோபுரம் தெரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே குடியேறிய தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயில். தாய்லாந்துக்காரர்கள் 'வாட் கேக்' என்பார்கள், வழி கேட்கும்போது அந்தப் பெயரையே சொல்லுங்கள்.