ஆர்க்கிட் வாங்கும் முன் அதன் பிறப்பிடத்தைச் சரிபார்ப்பது எப்படி

அழிவை எதிர்நோக்கும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை நெறிப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தம் என்றதும் பலருக்கு யானைத் தந்தமும் புலித்தோலும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அதன் பட்டியல்களில் உள்ள 40,000-க்கும் மேற்பட்ட இனங்களில் ஏறத்தாழ 70 விழுக்காடு ஆர்க்கிட்டுகளே. ஆகவே மாடியில் நான்கு தொட்டி வைத்திருப்பவரும், தனியாக நிழல்வலைக் குடில் அமைத்து ஆண்டுதோறும் புதிய இனங்களைத் தேடுபவரும், அறிந்தோ அறியாமலோ இந்தச் சட்டங்களின் ஓரத்தில்தான் நடமாடுகிறார்கள். சட்டங்கள் பல இருந்தாலும் அவை கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: இந்தச் செடி காட்டிலிருந்து பிடுங்கப்பட்டதா, வளர்ப்பிடத்தில் பிறந்ததா? அதற்கு விடை கிடைக்கும் வரை பணத்தை எடுக்க வேண்டாம்.

முதலில், நீங்கள் விரும்பும் இனம் எந்தப் பட்டியலில் உள்ளது என்று பாருங்கள். சில விலக்குகள் தவிர, ஆர்க்கிட் குடும்பம் முழுவதும் சைட்டிஸின் இரண்டாம் பட்டியலில் உள்ளது. அதாவது உரிய அனுமதியுடன் வணிகம் செய்யலாம். பாஃபியோபெடிலம், ஃபிராக்மிபீடியம் ஆகிய இரு பேரினங்களும் வேறு சில இனங்களும் முதல் பட்டியலில் உள்ளன. அவற்றின் காட்டுச் செடிகளைப் பன்னாட்டு வணிகத்தில் விற்கவே முடியாது. இந்தியாவுக்குள் வனவிலங்கு (பாதுகாப்பு) சட்டம், 1972 இன்னும் கடுமையானது. 1991-இல் அதில் தாவரங்களுக்கென ஓர் அத்தியாயம் சேர்க்கப்பட்டது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் பாதுகாக்கப்பட்ட தாவரங்கள் மூன்றாம் அட்டவணையில் இடம்பெறுகின்றன. செருப்பு வடிவப் பூவுடைய பாஃபியோபெடிலங்களும் நீல வாண்டாவும் சிவப்பு வாண்டாவும் அதில் அடங்கும்; நம் நீலக்குறிஞ்சியும் இப்போது அதே அட்டவணையில்தான் இருக்கிறது. இவற்றைக் காட்டிலிருந்து எடுப்பது குற்றம் என்பது பலருக்கும் தெரியும். வளர்ப்பதற்கும் விற்பதற்கும் உரிமம் வேண்டும் என்பதும், உரிமம் பெற்ற விற்பனையாளரிடமிருந்து அன்றி வாங்குவதே தவறு என்பதும்தான் பலர் அறியாதது. மீறினால் மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமுண்டு. பட்டியல் பழங்குடியினர் தம் மாவட்டத்துக்குள் சொந்தத் தேவைக்காக எடுப்பதற்கு மட்டும் விலக்கு உண்டு. அந்த விலக்கு அவர்களிடமிருந்து வாங்கி நகரத்தில் விற்பவருக்குப் பொருந்தாது.

ஒரு பட்டியலில் தளர்வு வந்தால் மற்றொன்றிலும் வந்துவிட்டதாக எண்ணிவிடக் கூடாது. நீல வாண்டா 2004-ஆம் ஆண்டு சைட்டிஸ் மாநாட்டின் முடிவால் முதல் பட்டியலிலிருந்து இரண்டாம் பட்டியலுக்கு மாற்றப்பட்டது. இந்தியச் சட்டத்தில் அதன் பாதுகாப்பு நீடிக்கிறது. அதற்குக் காரணமும் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் மேகாலயாவின் காசி மலையில் இந்தச் செடியை ஏழு ஆள் சுமையாகச் சேகரித்து அனுப்பியதாகவும், அவற்றில் மிகச் சிலவே உயிரோடு இங்கிலாந்து போய்ச் சேர்ந்ததாகவும் அவரே பதிவு செய்திருக்கிறார்.

தமிழ்நாட்டு வாசகர்கள் அறிய வேண்டிய இனம் பாஃபியோபெடிலம் ட்ரூரியை. தென்னிந்தியாவுக்கே உரிய ஒரே பாஃபியோபெடிலம் இது. அகத்தியமலைப் பகுதியின் உயர்ந்த பாறைச் சரிவுகளில் மட்டும் வளர்கிறது. மஞ்சள் பூவின் இதழ்களில் நடுவே கரும்பழுப்புக் கோடு ஓடும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அறியப்பட்டு, பின்பு நெடுங்காலம் கண்ணில் படாமல், 1972-இல் மீண்டும் கண்டறியப்பட்ட இச்செடி இன்று மிகவும் அருகிவிட்ட நிலையில் உள்ளது. இதை யாரேனும் ‘மலையிலிருந்து நேரடியாக வந்தது’ என்று பெருமையோடு விற்க முன்வந்தால், அந்தப் பெருமையையே குற்ற ஒப்புதலாக எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து, செடியைக் கையில் எடுத்துப் பாருங்கள். என் கருத்தில், காகிதத்தை விட வேர் நம்பத் தகுந்த சாட்சி. நாற்றங்காலில் வளர்ந்த செடியின் வேர்கள் தொட்டியின் வடிவத்துக்கு ஏற்ப வளைந்து சுற்றியிருக்கும்; அவற்றோடு கரித்துண்டோ தேங்காய் மட்டைத் துண்டோ ஒட்டியிருக்கும். மரத்திலிருந்து உரித்தெடுத்த செடியின் வேர்கள் ஒரு பக்கம் தட்டையாக, பட்டையை அணைத்துக் கிடந்த வாக்கில் இருக்கும்; நுனிகள் ஒடிந்தோ கத்தியால் வெட்டப்பட்டோ இருக்கும்; இடுக்குகளில் மரப்பட்டைச் சில்லும் பாசியும் கற்பாசியும் தங்கியிருக்கும். இலைகளையும் கவனியுங்கள். காட்டுச் செடியின் பழைய இலைகளில் பூச்சி அரித்த தழும்பும் வெயில் சுட்ட கறையும் காணப்படும்; புதிய இலை மட்டும் வேறொரு செடியினுடையது போலப் பளபளக்கும். ஒரே தட்டில் இருக்கும் பத்துச் செடிகள் ஒரே அளவில் இருந்தால் அவை ஒரே தொகுதியில் வளர்ந்தவையாக இருக்கலாம். ஒன்று கைக்குழந்தையாகவும் மற்றொன்று கிழடாகவும் கலந்து கிடந்தால், யாரோ கண்ணில் பட்டதையெல்லாம் அள்ளி வந்திருக்கிறார்கள் என்று பொருள். புதிதாகத் தொட்டியில் அமுக்கி வைத்த செடி தொட்டால் ஆடும். அதை மெல்ல உயர்த்தி வேரைப் பார்க்க விற்பவர் அனுமதிக்காவிட்டால் வாங்காமல் திரும்பிவிடுவது நல்லது.

விலையும் ஒரு தடயம். தூசி போன்ற ஆர்க்கிட் விதையில் முளைக்குத் தேவையான உணவுச் சேமிப்பு இல்லை. இயற்கையில் ஒரு பூஞ்சையின் துணையின்றி அது முளைக்காது. 1922-இல் லூயிஸ் நட்சன் சர்க்கரை கலந்த ஊடகத்தில் பூஞ்சையின்றியே முளைக்க வைத்துக் காட்டிய பிறகுதான் ஆய்வகக் குடுவை நாற்றுகள் பெருகின. அப்போதும் ஒரு நாற்று பூப்பதற்குப் பல ஆண்டுகள் ஆகும். எனவே அரிய இனத்தின் பூக்கும் பருவச் செடி அடிமாட்டு விலைக்குக் கிடைத்தால், அதை வளர்த்த செலவை யாரும் ஏற்கவில்லை, காடுதான் ஏற்றது என்று கொள்ளலாம்.

வெளிநாட்டிலிருந்து தருவிப்பவர்கள் ஏற்றுமதி நாட்டின் சைட்டிஸ் அனுமதியையும் தாவர நலச் சான்றிதழையும் பெற வேண்டும். தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணை, 2003-இன்படி இங்கே இறக்குமதி அனுமதியையும் முன்கூட்டியே பெற்றிருக்க வேண்டும். சைட்டிஸ் தாளில் ‘மூலம்’ என்ற கட்டத்தைத் தேடுங்கள்: ‘ஏ’ என்றால் செயற்கையாகப் பெருக்கப்பட்டது, ‘டபிள்யூ’ என்றால் காட்டிலிருந்து எடுக்கப்பட்டது. தாளில் உள்ள அறிவியல் பெயரும் செடியின் பெயர்ப்பட்டையும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கட்டும். கிருமிநீக்கிய குடுவைகளில் வரும் இரண்டாம் பட்டியல் நாற்றுகளுக்குச் சைட்டிஸ் விலக்கு உண்டு என்பதால் தொடக்கநிலைச் சேகரிப்பாளருக்கு அதுவே எளிய வழி. ஆனால் தொற்றுத்தடுப்பு விதிகளிலிருந்து அவற்றுக்கு விலக்கில்லை. முதல் பட்டியல் இனமாயின், தாய்ச்செடியும் முறையாகப் பெறப்பட்டதாக இருக்க வேண்டும்.

இந்தத் தாள்களை அலட்சியப்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு ஃபிராக்மிபீடியம் கோவாச்சியை நல்ல சான்று. 2002-இல் ஓர் அமெரிக்கச் சேகரிப்பாளர் பெருவின் சாலையோரக் கடையில் இந்தப் பெரிய ஊதாப் பூச்செடியை வாங்கி, உரிய அனுமதியின்றி புளோரிடாவின் மேரி செல்பி தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். தோட்டத்தார் அவசரமாக அதை விவரித்து அவர் பெயரையே சூட்டினார்கள். இனத்துக்குப் பெயர் நிலைத்தது. சேகரிப்பாளரும் தோட்டமும் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் செலுத்தினார்கள். பின்னர் பெரு அரசின் அனுமதியோடு உள்ளூரில் பெருக்கப்பட்ட நாற்றுகள் சட்டப்படியே சந்தைக்கு வந்தன. சில ஆண்டுகள் பொறுத்திருந்தால் போதுமானதாக இருந்திருக்கும்.

மலைக்குச் செல்லும்போது ஒடிந்து விழுந்த கிளையில் ஆர்க்கிட் ஒட்டியிருந்தாலும் எடுத்து வராதீர்கள். காப்புக்காட்டில் கிடப்பது வனத்துறையின் உடைமை. படம் எடுங்கள். பொதுவில் பகிரும் முன் கைப்பேசி தானாகப் பதிக்கும் இடக் குறிப்பை நீக்கிவிடுங்கள். அரிய செடியின் இருப்பிடத்தை அதை அள்ளிப் போகிறவர்களும் தேடிக்கொண்டிருப்பார்கள். வாங்கிய ஒவ்வொரு செடிக்கும் பில், விற்றவரின் பெயர், தேதி, வேரின் படம் ஆகியவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். பிற்காலத்தில் செடியைப் பிரித்து நண்பருக்குக் கொடுக்கும்போது அந்தக் கோப்பின் நகலையும் பெயர்ப்பட்டையையும் சேர்த்தே கொடுங்கள். மூன்றாம் அட்டவணைச் செடியாயின், இருவருக்கும் உரிய உரிமம் உண்டா என்று முதலில் வனத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.