செம்பாறை நிலத்தில் ஓடும் குதிரை: அக்ரிலிக் வண்ணம் பழகுவோருக்கு ஒரு செய்முறை

ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் தூரிகையை எடுத்த எனக்கு, விலங்குகளும் அமெரிக்காவின் மேற்குப் பகுதி நிலக்காட்சிகளும் மிகவும் பிடித்தமானவை. அரிசோனா, யூட்டா மாநிலங்களின் எல்லையில் உள்ள மானுமென்ட் பள்ளத்தாக்கைப் பின்னணியாகக் கொண்டு, பாய்ந்தோடும் குதிரையை வரையும் முறையைச் சொல்கிறேன்.

கேன்வாஸ் போர்டு ஒன்றும், தட்டைத் தூரிகை ஒன்றும், மெல்லிய உருண்டைத் தூரிகை ஒன்றும் போதும். அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), மஞ்சள் ஓக்கர் (மண் மஞ்சள்), வெள்ளை ஆகிய நான்கு நிறங்களுக்கு மேல் வேண்டியதில்லை. நீலத்தையும் சியன்னாவையும் கலந்தாலே நல்ல அடர்நிறம் கிடைத்துவிடும். சேலத்துச் சித்திரை வெயிலில் அக்ரிலிக் வண்ணம் தட்டிலேயே காய்ந்துவிடும் என்பதால், நனைத்துப் பிழிந்த துணியின்மேல் பட்டர் பேப்பரை விரித்து, அதில் நிறங்களைக் கலந்துகொள்ளுங்கள்.

முதலில் பென்சிலால் குதிரையை வரையுங்கள். அவசரப்படக் கூடாத இடம் இதுதான். குதிரையின் உடல் நீளம், மார்பிலிருந்து பின்புறம் வரை, ஏறக்குறைய இரண்டரைத் தலை அளவு இருக்கும். பின்னங்காலில் பின்னோக்கி மடங்கும் மூட்டை முழங்கால் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது நம் குதிகாலுக்கு இணையானது, முழங்கால் அதற்கு மேலே வயிற்றையொட்டி இருக்கிறது. குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவில் புள்ளிமான்களைச் சற்று நேரம் கவனித்தால் இந்த அமைப்பு தெளிவாகப் புரியும். பழைய ஓவியர்கள், ஓடும் குதிரையின் முன்னங்கால்களை முன்னும் பின்னங்கால்களைப் பின்னும் நீட்டியே வரைந்தார்கள். 1878இல் எட்வர்ட் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக் கலைஞர் கலிபோர்னியாவில் வரிசையாக எடுத்த புகைப்படங்கள், கால்கள் வயிற்றுக்கடியில் மடங்கிச் சேரும் கணத்தில்தான் நான்கு குளம்புகளும் தரையை விட்டு எழுகின்றன என்று காட்டின. அந்தக் கணத்தையே வரையுங்கள்.

அடுத்து வானத்தையும் பாறைகளையும் தட்டைத் தூரிகையால் தீட்டுங்கள். அஸ்தம்பட்டியிலிருந்து சேர்வராயன் மலையைப் பார்த்துப் பழகிய நமக்கு, தொலைவில் உள்ளதெல்லாம் நீலம் பூத்து மங்கலாகவே இருக்கும் என்று தோன்றும். ஆனால் மானுமென்ட் பள்ளத்தாக்கின் வறண்ட நிலத்தில் காற்றில் ஈரப்பதம் குறைவு. ஆகவே தொலைவுப் பாறையின் விளிம்புகூடக் கூர்மையாகத் தெரியும். சியன்னாவில் ஒரு துளி நீலம் மட்டும் சேர்த்து, விளிம்பைக் கலைக்காமல் விடுங்கள். சியன்னா இரும்பு ஆக்சைடு கலந்த மண்ணிலிருந்து வந்த நிறம், அந்தப் பாறைகளின் சிவப்புக்கும் இரும்பு ஆக்சைடே காரணம் என்பதால், நிறம் இயல்பாகவே பொருந்தும்.

பின்னணி காய்ந்ததும் குதிரையின் நிழல் பகுதிகளை அடர்நிறத்தில் நிரப்பி, அதன்மேல் இடைநிறத்தையும், தோளிலும் தொடையிலும் ஓக்கரும் வெள்ளையும் கலந்த வெளிச்சத்தையும் தசை போகும் திசையிலேயே இழுங்கள். பிடரி மயிரை ஒவ்வொன்றாகத் தீட்டாமல் கொத்தாகத் தீட்டுவது நல்லது.

தரையில் விழும் குதிரையின் நிழலைக் கடைசியில் தீட்டுங்கள். அது குளம்புகளைத் தொடக் கூடாது. குளம்புக்கும் நிழலுக்கும் நடுவே ஒரு விரல் அகலத்துக்காவது செம்மண் தெரிந்தால்தான் குதிரை காற்றில் எழுந்திருப்பதாகக் கண் நம்பும்.